கண்ணாடியில் எழுதிய பெயர்

"கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்மா," என்றாள் புஷ்பவல்லி.

நாற்காலியில் இருந்த மணப்பெண் நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நெற்றிச்சுட்டி வரவேண்டிய இடத்துக்கு நேராகச் சிவப்பு எழுத்துகளும் தெரிந்தன: 'ஏழை இளையோர் முன்னேற்றத்திற்காக மெல்பர்ன் மாணவர்கள் உபயம்.'

பெண்ணின் தாய் இராஜம்மா அதை வாய்விட்டுப் படித்தாள். முகம் மாறியது.

"எழுந்திரு. தர்மத்துக்கு வந்த நாற்காலியிலயா என் பொண்ணுக்கு முதல் பூ வைக்கிறது? கோவிச்சுக்காத புஷ்பா, கல்யாணத்துக்கு வேற ஆள் பாத்துக்குறோம் லா."

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் இறங்கிப் போயிற்று. வைக்க எடுத்த பூவைக் கையில் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லி நின்றாள்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது அவளது அலங்கார நிலையம். ரப்பர் தோட்டத்து வேலையையும் வீட்டையும் இழந்து, கம்பத்துக் குடிசைப் பகுதியில் குடியேறிய குடும்பம். பூ ஜடை பின்னுவதில் அவளுக்கு நல்ல பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரமணி என்ற பெண்ணின் அக்கா கல்யாணத்துக்கு ஜடை பின்னப் போனபோதுதான், "சொந்தமா ஒரு கடை போடணும் அக்கா," என்று ரமணியிடம் சொன்னாள். மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்த ரமணி அதை மறக்கவில்லை. கூடப் படிப்பவர்களோடு சேர்ந்து கல்லூரி விழாவில் கறியும் சோறும் விற்றுப் பணம் அனுப்பினாள். நாற்காலி, கண்ணாடி எல்லாம் வாங்கி வைத்தவர் அவள் அப்பா சண்முகரத்தினம். யாழ்ப்பாண வம்சாவளியில் வந்த ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. கோயிலுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தாலும் அதில் பெயர் எழுதிக் கொடுப்பவர். மகள் எழுதி அனுப்பிய வாசகத்தைக் கண்ணாடியில் பெரிதாக எழுதவைத்ததும் அவர்தான்.

"தை வரைக்கும் பாரு. ஆள் வரலைன்னா ஷா ஆலம் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்," என்று புஷ்பவல்லியின் அம்மா சொல்லிவிட்டாள்.

டிசம்பர் விடுமுறையில் ரமணி கேமராவும் கையுமாக, அப்பாவோடு வந்தாள்.

"ஒரு கல்யாணப் பொண்ணு உட்கார்ந்திருந்தா படம் எடுத்து மெல்பர்னுக்கு அனுப்பலாம். யாரும் இல்லையா?"

"இல்ல அக்கா. பிசினஸ் ஸ்லோ லா."

"அப்போ நானே உட்கார்றேன்!"

புஷ்பவல்லி ஜடை பின்னினாள். மல்லிகை வைத்தாள். அப்பா கேமராவைத் தூக்கினார். ரமணி நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவள் நெற்றியில் 'ஏழை' என்று இருந்தது. இடப்பக்கம் நகர்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள். எழுத்து விடவில்லை.

"ஐயோ, கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை ஏழையாக்கிட்டீங்களே!" என்று சிரித்தாள்.

புஷ்பவல்லி சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ஜோக் அக்கா. நான் ஏழைன்னு எனக்குத் தெரியும். என் கண்ணாடியில முகம் பார்க்க வர்ற பொண்ணு எதுக்கு அதைப் படிக்கணும்? இராஜம்மா ஆன்டி பாதியிலயே மகளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கொடுத்தவங்ககிட்ட எப்படி அக்கா குறை சொல்றது?"

ரமணியின் சிரிப்பு நின்றது. அந்த வாசகத்தை எழுதிய இரவு, 'ஏழை' என்ற சொல் இருந்தால்தான் பணம் கொடுத்தவர்கள் மனம் நிறையும் என்று தான் நினைத்தது ஞாபகம் வந்தது. புஷ்பவல்லியின் மனதைப் பற்றி அப்போது அவள் நினைக்கவே இல்லை.

"புஷ்பா, பிளேடு இருக்கா?"

"என்ன பிள்ளை செய்யிறாய்?" அப்பா பதறினார். "குடுத்த ஆக்களின்ர பேர் தெரிய வேண்டாமோ?"

"இந்தக் கடை நல்லா நடக்கறது தெரிஞ்சா போதும்ப்பா. கோயில் கடிகாரத்துல பேர் எழுதினா சாமி ஒண்ணும் சொல்லாது. இது மனுஷி பிழைக்கிற இடம். கைகொடுத்து எழுப்பிட்டு, கையை விடாமப் பிடிச்சுக்கிட்டே நின்னா அவ எப்படி நடப்பா? உதவி பண்ணினவன் தன் பேரை மறந்தாதான், உதவி வாங்கினவ தன் பேரோட வாழ முடியும்."

அவள் சுரண்டச் சுரண்டச் சிவப்புத் தூள் உதிர்ந்தது. சண்முகரத்தினம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அருகே வந்தார்.

"இஞ்ச தா பிள்ளை," என்று பிளேடை வாங்கி, மிச்சமிருந்த 'உபயம்' என்ற சொல்லைத் தாமே சுரண்டினார். ஈரத்துணியால் துடைத்தார்.

"மெல்பர்னுக்கு என்ன எழுதப் போறாய்?"

"கடைக்கு ஒரு பேர் வச்சாச்சுன்னு எழுதறேன். புஷ்பவல்லி அலங்கார நிலையம்."

"அப்ப அதை வாசல்ல பெரிசா எழுதுவிப்பம்," என்றார் அவர்.