வாசலில் வைத்த மணி பிளாண்ட்

எங்கள் செம்பூர் ஃப்ளாட்டில் மூன்று ஜீவன்கள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடும். பதினொரு மாத மகன் நகுல், பூனை, ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி மாரீஸ்வரியின் தாய்மாமா பூலோகம். முதல் இரண்டையும் மன்னிக்கலாம்.

அந்த ஞாயிறு காலை ஹாலில் கால் வழுக்கியது. பூனை கக்கியிருந்தது, மஞ்சள் நுரையில் பச்சைத் துணுக்குகள். பக்கத்தில் நகுல் பாதி இலையோடு உட்கார்ந்து, எச்சில் தொப்புள்வரை வழிய அலறிக்கொண்டிருந்தான். உதடு வீங்கியிருந்தது. மாரீஸ்வரி அவன் வாயில் விரலை விட்டு மீதியை வழித்தெடுத்தாள்.

"மணி பிளாண்ட் சாறு. ஊசி குத்துற மாதிரி எரியும். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "ஆனா அந்தச் செடி வீட்டுல இருக்கக்கூடாது."

அதுதான் சிக்கல். செடி, தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பூலோகம் மாமா கொடுத்தது. காசு கொடுத்து வாங்கிய மணி பிளாண்ட் செல்வம் தராது, திருடியதுதான் தரும் என்பது அவர் கட்சி. மாட்டுங்காவில் யார் வீட்டு கேட்டிலோ தொங்கியதை ஒடித்து, கடை எண்ணெய் டின்னில் நட்டுக் கொண்டுவந்திருந்தார். 'பூலோகம் ஸ்டோர்ஸ்' என்று டின்னில் பெயின்ட்டில் எழுதியிருக்கும்.

"மாப்ள, எறிஞ்சிராதேயும்! லெட்சுமிய யாராச்சும் கச்ரா டப்பாவுல போடுவாங்களா?" என்றார் மதியம், மீன் குழம்பை மூன்றாம் முறையாக ஊற்றிக்கொண்டு.

"பிள்ளைக்கு நாக்கு வெந்து கெடக்கு மாமா" என்றாள் மாரீஸ்வரி.

"ஏட்டி, நாக்கு நாளைக்கே ஆறிரும். போன செல்வம் திரும்ப வருமா?" விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மாலையில் வேறு செடி தேடிப் போனோம். நர்சரிக்காரன் வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைச்செடி ஒன்றை நீட்டி, "சப் சேஃப் ஹை சாப்" என்றான், எல்லாமே ஆபத்தில்லாததாம். நான் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன், விற்கிறவன் பேச்சை நம்பமாட்டேன். "இதுல ஒரு இலையை நீ கடிச்சுக் காட்டு, சொன்ன விலைக்கு எடுத்துக்கிறேன்" என்று இந்தியில் சொன்னேன். அவன் அதை உள்ளே நகர்த்திவிட்டு ஸ்பைடர் பிளாண்டையும் அரிக்கா பாமையும் எடுத்து வைத்தான். மாரீஸ்வரி போனில் பெயர்களைத் தட்டிப் பார்த்தாள். பிள்ளைக்கும் பூனைக்கும் ஆபத்தில்லாதவை. வாங்கினோம்.

பழைய செடியை எறியவில்லை. வாசலில் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்தேன். திருடினால்தான் செல்வம் என்ற மாமாவின் கட்சிக்கு எங்கள் கட்டடம் முழுக்க ஆள் உண்டு. மறுநாள் காலை டின்னோடு காணோம். சிந்திய மண் படியிறங்கிக் கீழ் வீட்டு வாசல்வரை போயிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சிரிக்கியளே, கீழ் வீட்டு ஸ்மிதாவுக்கு ரெண்டு வயசுல்லா" என்றாள் மாரீஸ்வரி.

கீழே ஓடிப்போய் மணியடித்தேன். ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் பத்ரிநாராயணன் கதவைத் திறந்தார். பின்னால் டீப்பாயில் எங்கள் டின். எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். 'பூ' மட்டும் எட்டிப் பார்த்தது.

"சார், அந்தச் செடி குழந்தைக்கு ஆகாது. இலையைக் கடிச்சா வாய் வெந்துரும்."

"அதுவா? நர்சரில வாங்கிண்டு வந்ததாக்கும். முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவனைத் திருடன்கறேளா?"

"எங்க செடின்னு நான் சொல்லவே இல்லையே சார்."

அவர் பேத்தி ஸ்மிதா தத்தித் தத்தி வந்து கொடியைப் பிடித்து இழுத்தாள். இலை உதட்டுக்குப் போனது.

"உங்க செடிதான் சார்! எனக்கு விலைக்குக் குடுங்க!"

கொடியைப் பேத்தியின் கையிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் விலை சொன்னார். "டின்னுக்குத் தனியாப் போட்டுக்கோங்கோ."

சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தது வாழ்நாளில் அதுவே முதல் தடவை. டின்னோடு நேரே கீழே இறங்கிக் கச்ரா டப்பாவில் குப்பையோடு குப்பையாகப் போட்டேன். மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, செடியை எறிஞ்சிட்டேன். தப்பில்ல. இப்ப அது காசு குடுத்து வாங்கினது."

"எவ்வளவு குடுத்தீரு?"

சொன்னேன்.

"சீ!" என்றார் மாமா. "பாதிக்கு முடிச்சிருக்கலாமே."

போனை வைத்துவிட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.