குமாரபாளையத்து மாடியில் ஒரு சுவிட்ச்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஆடிட்டர் சந்திரசேகர் அலுவலகத்தில் காத்திருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன், அவ்வளவுதான். அவர் பேசியது மட்டும் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: குமாரபாளையத்தின் மேல் சூரியன் ஒரு…

வேண்டாம். ஜீவானந்தத்திலிருந்தே தொடங்குகிறேன். தறிப்பட்டறைக்காரர். கரண்ட் பில் கட்டி மாளாமல் மாடி முழுக்க சோலார் தகடு மாட்டிவிட்டார்.

[இதற்கு அரசாங்கம் வரிச்சலுகை தருகிறது. நேற்று பெட்டி பிரித்த தகடு, முதல் வருஷமே பாதிக்குப் பக்கம் தேய்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதலாம். ஆனால் மார்ச்சுக்குள் ஏறக்குறைய ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷம் பாதிச் சலுகைதான். சிரிக்காதீர்கள், சட்டம்.]

"இன்னைக்கு அக்டோபர் மூணுங்க, முழுச் சலுகைக்கு இதுதான் கடைசி நாளு. பொழுது சாயறதுக்குள்ள ஓட்டிருங்க" என்றார் ஆடிட்டர்.

அந்தச் சலுகையை நம்பித்தான் ஜீவானந்தம் தறிக்காரர்களுக்குத் தீபாவளி போனஸைக் கூட்டிச் சொல்லியிருந்தார்.

3

மாடியில் அவர் மனைவி கோகிலவாணி சுவிட்சை மறித்து நின்றாள்.

"மகாளய பட்சத்துல ஆராச்சும் புதுசு தொடங்குவாங்களா? ஆயுத பூசைக்குப் போட்டுக்கலாமுங்க."

"அப்பப் போட்டா பாதி போயிரும் புள்ள."

"போனாப் போகுது. அன்னைக்கு அஷ்டமியில மோட்டார் போட்டு என்னாச்சு?"

ஜீவானந்தம் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று பட்ட தீக்காயத் தழும்பு வலது கையில் இன்னும் இருக்கிறது.

(இவளை மூடநம்பிக்கைக்காரியாக எழுதிக் கிண்டலடிக்கத்தான் உட்கார்ந்தேன். தழும்பை எழுதிய பிறகு மனசு வரவில்லை.)

4

முடிவு ஒன்று: தகடு மாட்டிய தௌசீப் போடுகிறான்.

"எனக்குப் பஞ்சாங்கமெல்லாம் இல்லீங்கக்கா. நான் போடறேன்."

"நீயும் ஒருத்தி பெத்த புள்ளதான சாமி. தள்ளி நில்லு."

போச்சு. அருமையான முடிவு.

முடிவு இரண்டு: வாசகரே, நீங்கள் போடுங்கள். உங்கள் நட்சத்திரம் இங்கே யாருக்கும் தெரியாது.

"அவங்க பாட்டுக்கு எங்கயோ உக்காந்து படிச்சுட்டு இருக்காங்க, அவங்களை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள் கோகிலவாணி. "இந்தத் தேதிய வெச்சது எழுதறவருதான? அவரு வந்து போடட்டும்."

எனக்கு ராசிபுரத்தில் அவசர வேலை இருக்கிறது.

5

பொழுது சாய்கிறது. கீழே தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜீவானந்தம் ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் கோகிலவாணியே சுவிட்சில் கை வைத்துவிட்டாள்.

"நீங்க எட்டப் போங்க. ஆகறது எனக்கு ஆகட்டும்."

தழும்புக் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. "உனக்கு ஒண்ணுன்னா அப்பறம் சலுகை எனக்கு எதுக்கு புள்ள?"

அவளும் கையை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

யார் கை போட்டது என்று சட்டம் கேட்பதில்லை. எனக்குத்தான் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. எழுதி எழுதி அடித்த வரி இது:

அப்போது சுவிட்சைத் தட்டியது

பஞ்சாங்கத்தை நம்பாத எனக்கே பேனா நகரமாட்டேன் என்கிறது. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும், அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.