நாலடி உயரத்து ஜெபம்

லாரிகளை எடை போடும் மேடையில் இருபது வருடமாக வேலை பார்த்த, தொண்ணூற்று இரண்டு கிலோ எடையுள்ள ஒருவர், ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜெபம் செய்துகொண்டிருந்தபோது தரையிலிருந்து நாலடி மேலே போய்த் திரும்பி வந்தார். அதுவரை அவருடைய ஜெபம் மேலதிகாரிக்கு எழுதும் மனுவைப் போல இருக்கும். சர்வ வல்லமையும் மகா மேன்மையும் பொருந்திய என்று ஆரம்பித்து, கேட்க வந்த காரியத்துக்கு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அன்றைக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்ததால் முழங்காலில் நின்று "அப்பா" என்று மட்டும் சொன்னார். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்களே, அந்த மாதிரி உடனே மேலே போனார், வந்தார், மறுபடி போனார். சமையலறையில் இருந்த மனைவிக்கு முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் கெக்கே பிக்கே என்று சிரித்து அவள் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை வந்திருக்கிறதோ என்று கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

அவள் கட்டட கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. சாரத்தின் முடிச்சு, ஏணியின் கால், உயரத்தில் நிற்பவர்கள் இடுப்பில் மாட்டும் பெல்ட், எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே அவள் கூச்சல் போடவில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு டேப்பை எடுத்துவந்து அறையை அளந்தாள். சாயங்காலமே மின்விசிறி கழற்றப்பட்டு, தரையில் நிற்கிற விசிறி ஒன்று வாங்கப்பட்டது. மறுநாள் வேலையிடத்திலிருந்து பெல்ட் கொண்டுவந்து கணவரை ஜன்னல் கம்பியோடு சேர்த்து மாட்டினாள். அன்று அவர் அரை மணி நேரம் ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் பெல்ட்டை எடுத்துவிட்டு மெத்தை விரித்தாள். ஒரு சாண் மட்டும் எழும்பினார். மெத்தையையும் சுருட்டிவிட்டால் பழையபடி நாலடி.

"மெத்தைகூடப் போடக் கூடாதுன்னா என்னங்க நியாயம் இது?" என்று கேட்டாள்.

"யாரும் போடக் கூடாதுன்னு சொல்லலம்மா. கீழ மெத்தை இருக்குன்னு தெரிஞ்சா எனக்கே சிரிப்பு வரமாட்டேங்குது."

விஷயம் வெளியே பரவியது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எப்போதோ உடைந்து கூடிய விலா எலும்பு ஒன்றைக் கண்டுபிடித்தார், வேறொன்றும் இல்லை. போதகர் வந்து பார்த்தார். ஆராதனையின் ஒழுங்கு கெடாமலிருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்காரும்படி கேட்டுக்கொண்டார். எடைமேடையிலேயே கணவர் ஒருமுறை முழங்கால் போட்டபோது திரையில் தொண்ணூற்று இரண்டு தெரிந்தது, பிறகு பூஜ்யம் தெரிந்தது, பிறகு மறுபடி தொண்ணூற்று இரண்டு. பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் மெஷினில் கோளாறு இல்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று மாதத்தில் ஊர் அலுத்துப்போய் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. மனைவி மட்டும் விடவில்லை. துணிக்கு இஸ்திரி போடுகையில், அவருடைய சட்டைகளில் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கசங்கியிருப்பதைக் கவனித்தாள். விரல் விரலாகப் பதிந்த கசங்கல். தன் கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தடம் பெரியது.

அந்தத் தடம் அவளை உறுத்தியது. ஆறு வருடத்துக்கு முன்பு நாலாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் ஒருவர் விழுந்து இறந்தார். அன்று காலை அவருடைய பெல்ட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கொக்கியை வார்த்ததிலேயே குறை, கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று விசாரணையில் எழுதினார்கள். அதிலிருந்து அவள் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, முன் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் ஜெபத்தில் நிற்பாள். வெல்டரின் வீடு இருந்த தெரு வழியாகப் போவதே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டாள்.

"உங்களத் தூக்கிப் போட்டு விளையாடத் தெரியுதுல்ல? அந்த வெல்டர மட்டும் ஏன் பிடிக்கல?"

எண் நிலைத்து நிற்கும்வரை எடை சொல்லாத மனுஷர் அவர். கையிலிருந்த உருண்டையைச் சாப்பிட்டு முடித்தார்.

"தெரியலம்மா. நான் கேட்டதில்ல. நீயே கேளேன்."

"நான் கேட்டா சண்டையாத்தான் இருக்கும்."

"போடு. அப்பாகிட்டதானே."

கையைக் கழுவிவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முழங்கால் போடவில்லை. வேலையில் ஏய்க்கிற காண்டிராக்டரைக் கேட்கும் தொனியில், "எங்க போயிருந்தீங்க அன்னைக்கு?" என்று ஆரம்பித்தது தெருவரை கேட்டது. அப்புறம் சொற்கள் தீர்ந்துபோய், நாற்பத்தாறு வயதுப் பெண் தரையில் விழுந்து, இரண்டு வயதுக் குழந்தைபோலக் கையையும் காலையும் உதைத்து அழுதாள். உதைக்க உதைக்க ஒரு கட்டத்தில் குதிகாலுக்குத் தரை தட்டுப்படவில்லை. அவளை யாரும் தூக்கிப் போடவில்லை. தூக்கி வைத்துக்கொண்டார்கள். முஷ்டியால் குத்தினாள். குத்திய இடத்தில் காற்று நெஞ்சுபோலக் கெட்டியாக, கதகதப்பாக இருந்தது. கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று பிற்பாடு அவளே எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னாள். அழாதே என்றும் யாரும் சொல்லவில்லையாம். முக்கால் மணி நேரம் கழித்துக் கணவர் கதவைத் திறந்தபோது, ஓர் ஆளின் தோள் உயரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எதன்மேலோ சாய்ந்த மாதிரி ஒரு கன்னம் மட்டும் அமுங்கியிருந்தது. அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினார். ஐந்து மணிக்கு அவள் இறங்கி வந்து டீ கேட்டாள். மறுநாள் ஆராதனையில் நாலடி மேலே போனாள். அவளுக்கு முன்னால் கைப்பை கீழே வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் போதகருக்கு வசனம் மறந்துபோயிற்று.

அந்த வாரமே வெல்டரின் வீட்டைத் தேடிப் போனாள். அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைத்துவந்தாள். தேடி வந்தவள் வாசலில் நின்றபடியே, "அன்னைக்குப் பெல்ட்டப் பாத்துக் கையெழுத்துப் போட்டவ நான்தான்" என்றாள்.

மெஷின் நின்றது. "ஆறு வருஷமா யாராவது வந்து பேசுவாங்களான்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள் வெல்டரின் மனைவி. தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, "உள்ள வாங்கக்கா" என்றாள்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள். தகரக் கூரை, எட்டிப் பிடிக்கிற தாழ்வு. அதனால் வாசலில் நின்றே ஜெபித்தார்கள். முதல் எட்டு மாதம் வெல்டரின் மனைவி திட்டினாள், அழுதாள், சில நாள் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவது மாதம் அவளும் மேலே போனாள். அடுத்த வாரம் கரண்ட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்து, வாசலுக்கு மேலே போன கம்பியைத் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை.