ஹவாய் மொழிக்கு ஒரு தீர்மானம்

கீழக்கரை சாதிக் பாட்ஷாவுக்கு துபாய் அல் கூஸில் ஏசி உதிரிபாகக் கடை. ஆறு வருஷமாகச் செந்தமிழ் நேசர் மன்றத்தின் தலைவரும் அவர்தான். மன்றத்தின் வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் தவிர எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கும். அந்த வணக்கமும் படமாகத்தான் வரும்.

அவருடைய மகள் ஆமிரா பதினோராம் வகுப்பு. அழிவிலிருந்து மீண்ட மொழி ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதிவரப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவள் ஹவாய் மொழியை எடுத்துக்கொண்டாள். அந்த வருஷம் தாய்மொழி நாள் விழாவுக்குப் பேச்சாளர் கிடைக்காமல் மன்றம் திண்டாடிக்கொண்டிருந்தது. சாதிக் பாட்ஷா மகளை மேடையேற்றிவிட்டார்.

ஆமிரா ஆங்கிலத்தில் பிரமாதமாகப் பேசினாள். 1896-இல் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் வந்ததையும், தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதையும் சொன்னாள். தொண்ணூறு வருஷத்துக்குள் அந்த மொழியைப் பேசும் பிள்ளைகள் ஐம்பது பேர்கூட மிஞ்சவில்லை என்றபோது செயலாளர் கலீலுர் ரஹ்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹவாய் மொழிக்கு மன்றத்தின் முழு ஆதரவு உண்டு என்று அங்கேயே ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாருடைய லேப்டாப்பிலும் தமிழ் எழுத்து இல்லாததால் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

திரும்பும்போது காரில் ஆமிரா ஆங்கிலத்தில் கேட்டாள்: "டாடி, அங்கே சட்டம் போட்டுத் தடுத்தாங்க. எனக்குத் தமிழ் வராம தடுத்தது யாரு?"

முன்னால் வேகத்தைப் பிடிக்கும் கேமரா இருக்கிறது, பேச்சுக் கொடுக்காதே என்றார் சாதிக் பாட்ஷா.

மறுநாள் காலை முதல், வீட்டில் யார் ஆங்கிலத்தில் கேட்டாலும் ஆமிரா பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். சாதிக் பாட்ஷாவும் அவர் மனைவி ஷம்சாதும் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். மகள் பக்கம் முகம் திரும்பியதும் நாக்கும் தானாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். இப்போது திரும்பிய நாக்கை மறுபடி இழுத்துக்கொண்டுவர வேண்டியிருந்தது.

"உம்மா, நான் தோசை ரெண்டு போதும் இருக்கு" என்றாள் ஆமிரா.

மம்மி என்ற வாயிலிருந்து உம்மா வந்ததில் ஷம்சாதுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் பயம் வந்துவிட்டது. "ஏங்க, அடுத்த வருஷம் பரீட்சை. இவ இங்கிலீஷ் கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது?" என்று கணவரிடம் கேட்டாள்.

நாலாம் நாள் கலீலுர் ரஹ்மான் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆமிரா தேநீர்த் தட்டை அவர் முன்னால் நீட்டி, "அங்கிள், நீ டீ குடி. சூடு ஓடும்" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது சாதிக் பாட்ஷாதான். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்று வேறு கேட்டார். ஆமிரா தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் வீட்டில் எந்த மொழியிலும் பேசவில்லை. மூடிய அறைக்குள் அவள் போனில் தமிழ்ப் படங்கள் ஓடும் சத்தம் மட்டும் ராத்திரி வரை கேட்டது. சாதிக் பாட்ஷாவுக்குத் தன் தப்புப் புரிந்தது. ஆனால் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

இதற்கிடையில் மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினரான ஒரு பெரிய டாக்டர், அந்த ஹவாய்ப் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டார். ஆமிரா பேசச் சம்மதித்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மண்டபம் நிறையாது என்று பயந்த கலீலுர் ரஹ்மான், பக்கத்து லேபர் கேம்புக்கு பஸ் அனுப்பினார். விழா முடிந்ததும் பிரியாணி என்று சொல்லி நாற்பது பேரை அழைத்துவந்து பின்வரிசைகளில் உட்கார வைத்தார்.

ஆமிரா கையில் காகிதம் இல்லாமல் மேடைக்கு வந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ் தப்பாப் பேசுவேன். ஹவாய்ல மொழி செத்துப்போற மாதிரி இருந்துச்சு. அப்போ கொஞ்சம் ஆளு கூடு கட்டினாங்க. குருவிக்கு இருக்குமே, அந்தக் கூடு. சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பேரு."

முன்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஏசி மெக்கானிக் சோலைமுத்து.

"பாப்பா, ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்துலதான பேசக் கூடாதுன்னாங்க. வீட்டுல பேசியிருக்கலாம்ல?"

இரண்டு விழாக்களிலும் சேர்த்து அவளிடம் வந்த முதல் கேள்வி அது. ஆமிரா யோசித்துச் சொன்னாள்: "வீட்டுலயும் நிறையப் பேரு விட்டுட்டாங்க. இங்கிலீஷ் பேசினாத்தான் பிள்ளை நல்லா இருப்பான்னு."

"நம்ம கதைதான்" என்றார் சோலைமுத்து. "என் மகளும் இங்கிலீஷ் மீடியம். போன்ல என்னய டாடிங்குது. அந்த ஃபீஸ் கட்டத்தான் நான் இங்க ஏசி மாட்டிக்கிட்டு இருக்கேன். சரி, கூட்டுல யாரு சொல்லிக் குடுத்தா? அப்பன் ஆத்தாளுக்கே தெரியாதே?"

"அப்பா அம்மாவும் கிளாஸுக்கு வரணும். தப்புத் தப்பாப் பேசிப் பழகணும். பள்ளிக்கூடத்தைப் பெருக்கிவிடணும்."

"பெருக்கணுமா?" என்று பின்வரிசை மொத்தமும் சிரித்தது. இந்தச் சிரிப்பில் ஆமிராவும் சேர்ந்துகொண்டாள். இன்னொருவர் எழுந்து அந்த ஊரில் என்ன சாப்பாடு என்று கேட்டார். அங்கே வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று கேட்டார் வேறொருவர். கலீலுர் ரஹ்மான் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிரியாணி ஆறிப்போனது. அதைப் பற்றிப் பின்வரிசையில் யாரும் கவலைப்படவில்லை.

கடைசியில் நன்றியுரைக்கு சாதிக் பாட்ஷா எழுந்தார். "லேடீஸ் அண்ட்" என்று தொடங்கி நிறுத்தினார். மேடை ஓரத்தில் நின்ற மகளைப் பார்த்தார்.

"அன்னைக்கு வீட்டுல நான் சிரிச்சது தப்பு வாப்பா" என்றார், பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் ஊர் வழக்கில்.

என்ன விஷயம் என்று தெரியாத முன்வரிசை, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

அடுத்த செயற்குழுவில் மன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இனி பார்வையாளர்களின் கேள்விகள் ஒரு வாரம் முன்னதாக, ஆங்கிலத்தில், ஈமெயில் வழியாக வர வேண்டும். சாதிக் பாட்ஷா மட்டும் எதிர்த்து வாக்களித்தார். தலைவர் பதவி கலீலுர் ரஹ்மானுக்குப் போனது.

வீட்டில் இப்போதும் அவருக்கு அடிக்கடி நாக்கு ஆங்கிலத்துக்குப் புரண்டுவிடும். மகள் காது கேளாதவள் மாதிரி இருப்பாள். அவர் தமிழில் மறுபடி சொல்வார். ஒருநாள் தோழிகளோடு ஃபுஜைரா கடற்கரைக்குப் போகக் கூடாது என்று அவளைத் தடுத்தார்.

"வாப்பா, நீங்க காரணம் சொல்லாம வேணாம்னு சொல்றது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல" என்றாள் ஆமிரா.

சாதிக் பாட்ஷா அதில் ஒரு பிழையாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். பிறகு, ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.