ஆறாவது இறக்கை

மோட்டார் கூவ ஆரம்பித்தபோது தீவு பின்னால் ஒரு கோடாகத் தேய்ந்திருந்தது. அக்கரை இன்னும் கண்ணில் படவில்லை.

படகில் மூன்று பேர். நடுவில் பாய் விரித்துச் சுருண்டு படுத்திருந்தவள் மெக்கானிக்கின் தங்கை. விடிந்ததிலிருந்து அவளுக்கு வலது அடிவயிற்றில் வலி. மோட்டார் பிடியைப் பிடித்திருந்தவன் அவள் புருஷன், படகு அவனுடையது. மெக்கானிக் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

தீவு நர்ஸ் வயிற்றை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "குடல்வால் மாதிரி இருக்கு. இங்கே வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று சொல்லியிருந்தாள். படகில் ஏறும்போது மெக்கானிக்கை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். "வலி திடீர்னு நின்னுட்டா சந்தோஷப்படாதீங்க. உள்ளே வெடிச்சிருக்கலாம். அப்புறம் நேரம் ரொம்பக் கம்மி."

இப்போது மோட்டார் விடாமல் கூவியது. வேகம் தானாகவே குறைந்து, படகு தவழ்ந்தது.

"என்ன மச்சான் இது?"

"சூடு ஏறிடுச்சு, அதுக்குத்தான் இப்படிக் கூவுது. அணைச்சிடுங்க மாப்பிள்ளை."

"நடுக்கடல்ல அணைக்கிறதா?"

"அணைக்கலைன்னா அதுவே நின்னுடும். அப்புறம் கிளம்பவே கிளம்பாது."

அணைத்ததும் அலை படகின் விலாவில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தங்கை கண்ணைத் திறக்காமல் முனகினாள். "வந்துட்டோமா?"

"இதோ கொஞ்ச நேரம்" என்றான் புருஷன். அவன் கை அதற்குள் மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பைதான் அடைத்திருக்கும் என்பது அவன் எண்ணம். போன மாதம் அப்படித்தான் ஆனது. பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை விரலால் தடவிப் பார்த்தான். பாசி கூட இல்லை.

"சுத்தமா இருக்கு மச்சான்."

"இறக்குங்க. ஒரே ஒரு நிமிஷம் ஓட விட்டுப் பார்ப்போம்."

மோட்டார் கடல் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் பக்கவாட்டு ஓட்டை வழியாகப் பீச்சும். படகுக்காரர்கள் அதைப் பார்த்து, மோட்டார் ஒழுங்காக ஒண்ணுக்குப் போகிறது என்று கேலி பேசுவார்கள். அந்த நீர் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

நிற்கவில்லை. விரல் தடிமனில் கம்பி போலப் பீச்சியது. கூவலும் நிற்கவில்லை.

மெக்கானிக் மறுபடி அணைக்கச் சொன்னான். கீழே அடைப்பு இருந்தால் தண்ணீரே ஏறாது. பம்பு கெட்டிருந்தாலும் ஏறாது. தண்ணீர் ஏறுகிறது, ஆனால் சுற்றி வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அடைப்பு மேலே, தெர்மோஸ்டாட்டில்தான் இருக்க வேண்டும். சூடு ஏறினால் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் சின்னக் கதவு அது.

அங்கே என்ன போய் அடைத்திருக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் பம்பைப் பிரித்துப் புது ரப்பர் சக்கரம் மாட்டியது அவன்தான். பழைய சக்கரத்தில் ஆறு இறக்கைகள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன. ஆறாவதைப் பம்புக்குள் தேடினான், கிடைக்கவில்லை. தண்ணீரோடு மேலே ஏறியிருக்கும், தெர்மோஸ்டாட் மூடியையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று தெரியும். ஆனால் மூடியின் மூன்று போல்ட்டும் உப்பில் துருவேறி இறுகியிருந்தன. ஒன்று முறிந்தால் ஒரு நாள் வேலை. பசி வேறு. எங்கேயாவது வெளியே போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

"மச்சான்." புருஷனின் முகம் திடீரென்று தெளிந்திருந்தது. அவன் மனைவியின் நெற்றியில் கை வைத்திருந்தான். "வலி விட்டுடுச்சாம். நல்லாயிருக்குன்னு சொல்றா."

மெக்கானிக் குனிந்து தங்கையைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. உதட்டுக்கு மேலே வேர்வை முத்து முத்தாக நின்றது.

"ஆமாண்ணா. அப்பாடான்னு இருக்கு" என்றாள்.

மெக்கானிக் கருவிப் பெட்டியைத் திறந்தான். ஸ்பேனர் இருமுறை கையிலிருந்து விழுந்தது. புருஷன் அதைக் கவனித்துவிட்டான்.

"என்ன மச்சான்? எதையோ மறைக்கிறீங்க."

மெக்கானிக் அவனைப் பின்பக்கமாக இழுத்து, நர்ஸ் சொன்னதைக் காதோடு சொன்னான். சொல்லி முடித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்க அவனால் முடியவில்லை.

"இன்னொண்ணு. இந்தக் கோளாறு என்னால வந்தது. போன வாரம் ஒரு ரப்பர் துண்டு உள்ளே போயிருக்கும்னு தெரிஞ்சும், மூணு போல்ட்டைக் கழட்டச் சோம்பல்பட்டுத் தேடாம மூடிட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

புருஷன் அவன் சட்டையைப் பிடிக்கப் போவது போல ஓர் அடி வைத்தான். படகு ஆடியது. பிறகு கையைத் தொங்கப்போட்டான். "அதை அப்புறம் பேசிக்கலாம். இப்போ கழட்டுங்க."

நீரோட்டம் படகை வெளிக்கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு முழுவதையும் விட்டும் அடி எட்டவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. புருஷன் குடையைத் தூக்கி ஆட்டினான். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

ஆற விட்டுக் கழற்றுவதுதான் முறை. ஆனால் சூட்டில் துருப்பிடித்த போல்ட் கொஞ்சம் இளகும், ஆறினால் மறுபடி இறுகிக்கொள்ளும். நேரமும் இல்லை. மெக்கானிக் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். ஆவி முகத்தில் அடித்தது. முதலாவது கிறீச்சிட்டுத் திரும்பியது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை.

அழுத்தினால் தலை முறிந்துவிடும். முறிந்தால் கதை முடிந்தது. எண்ணெய் விட்டான். சுத்தியலால் மெல்லத் தட்டினான். முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை. மறுபடி எண்ணெய். துணி நழுவி விரல் நுனி வெந்தது, அவன் கையை எடுக்கவில்லை.

"குளிருது" என்றாள் தங்கை. உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. புருஷன் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினான். "மச்சான், சீக்கிரம்" என்றான்.

போல்ட் சட்டென்று இளகியது. முறிந்துவிட்டது என்றே மெக்கானிக் நினைத்தான். இல்லை, முழுதாக வந்தது. மூடியைப் பெயர்த்தான். தெர்மோஸ்டாட்டின் வாயில் கறுப்பாக, நகத்தளவு ரப்பர் துண்டு குறுக்கே சிக்கியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்து, புருஷனிடம் நீட்டினான். அவன் அதை வாங்கவில்லை.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே எடுத்து ஓரமாக வைத்தான். அது இல்லாமலும் ஓடும். ஆனால் மூடிக்கு அடியிலிருந்த கேஸ்கெட் தாள் பெயர்க்கும்போது கிழிந்துவிட்டது. அது இல்லாமல் மூடினால் தண்ணீர் கசிந்து மோட்டாரின் மேலெல்லாம் வழியும்.

"அட்டை ஏதாவது இருக்கா?"

புருஷன் பையைக் கவிழ்த்தான். துண்டு, தண்ணீர் பாட்டில், மனைவியின் சிகிச்சைப் புத்தகம். யோசிக்காமல் அதன் மேலட்டையைக் கிழித்துக் கொடுத்தான். மெக்கானிக் மூடியை வைத்து அழுத்தி அச்செடுத்து, கத்தியால் வெட்டி, இரு பக்கமும் கிரீஸ் பூசி, வைத்து முடுக்கினான்.

புருஷன் மோட்டாரைக் கிளப்பினான். நீர் பீச்சியது. கூவல் இல்லை. மெக்கானிக் மோட்டாரின் தலையில் கையை வைத்தபடியே இருந்தான். சூடு, பிறகு வெதுவெதுப்பு. மூடி ஓரத்தில் லேசான கசிவு, அவ்வளவுதான்.

"போங்க" என்றான்.

அக்கரை போய்ச் சேரும்வரை புருஷன் அவன் பக்கம் திரும்பவில்லை. மெக்கானிக் ஒரு கையைத் தங்கையின் மணிக்கட்டில் வைத்திருந்தான். நாடி வேகமாகத் துடித்தது. எண்ண முயன்று ஒவ்வொரு முறையும் பாதியில் தவறவிட்டான்.

அறுவை சிகிச்சை இரண்டரை மணி நேரம் நடந்தது. வெளியே வந்த டாக்டர், "வெடிச்சுத்தான் இருந்தது. கழுவி எடுத்திருக்கோம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார். அப்புறமும் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. மெக்கானிக் வராந்தா பெஞ்சிலேயே கிடந்தான். வெந்த விரல்களுக்கு ஒரு நர்ஸ் கட்டுப் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் தங்கை அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"படகுல நான் தூங்கலை. நீ பேசினதெல்லாம் காதுல விழுந்தது."

அவன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு போல்ட்டுக்குச் சோம்பல்பட்டு என்னை மேலே அனுப்பப் பார்த்தியே" என்றாள். சிரிக்க முயன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, தையல் இழுக்குது. அழாதேண்ணா, உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு இன்னும் சிரிப்பு வருது."

அவன் வெளியே வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் புருஷன் இரண்டு கையிலும் இரண்டு தம்ளரோடு வந்தான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க மேல கோபம் போகலை மச்சான். போகுமான்னும் தெரியலை" என்றான். ஒரு தம்ளரை நீட்டினான். "டீ ஆறிடும், குடிங்க."