அண்ணாச்சி வைத்த மீன் விருந்து

தாயில்பட்டிப் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் சின்னத்தாய்க்கு ஒரு வருஷமாக விரல்கள் மரத்துப்போயிருந்தன. சுடுசோற்றைப் பிசைந்தால் சூடே தெரியாது. விருதுநகர் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் மகள் இசைவாணி, அம்மாவின் சிறுநீரை அணு உறிஞ்சல் கருவியில் சோதித்தாள். ஆர்சனிக் ஏகத்துக்கு இருந்தது.

முடிவைக் கொண்டுபோய்க் காட்டியும் கம்பெனி முதலாளி நல்லசிவம் அசரவில்லை. “கடல் மீன்லயும் அது இருக்குல்லம்மா? உங்கம்மாவக் கருவாட்டக் குறைக்கச் சொல்லு” என்றார். உண்மைதான். மீனில் இருப்பது ஒன்றும் செய்யாத வகை. வெடிமருந்தில் கலக்க வெளியே தெரியாமல் அவர் வாங்கும் மஞ்சள் நிற ரசாயனப் பொடியில் இருப்பது ஆளைத் தின்னும் வகை. அந்தக் கருவிக்கோ இரண்டும் ஒன்றுதான். “எல்லாரையும் சோதிச்சுக்கோ” என்று பெரிய மனசு பண்ணி அனுமதியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சோதனைக்கு முந்தின நாள் கம்பெனிக்கே தூத்துக்குடி மீனில் விருந்து வைத்தார். போனஸில்கூட அப்படியொரு தாராளத்தை யாரும் கண்டதில்லை. சோதித்துப் பார்த்தால், மருந்து ரூம் பக்கமே போகாத கணக்கப்பிள்ளைக்கும் ஆர்சனிக் ஏறியிருந்தது.

“பாத்தியாம்மா, மீன்தான்” என்றார் நல்லசிவம்.

இசைவாணி விடுவதாயில்லை. திரவக் குரோமட்டோகிராபி கருவியின் கடைசிக் குழாயை உறிஞ்சல் கருவியோடு இணைத்தாள். முன்னது வகை வகையாகப் பிரித்து அனுப்பும், பின்னது ஒவ்வொன்றாக அளக்கும். “ரெண்டு மெஷினும் கெட்டா யாரு பொறுப்பு?” என்று கேட்டு, அவளுடைய ஆராய்ச்சிப் பேராசிரியர் தன் பங்குக்கு வழிகாட்டினார். கணக்கப்பிள்ளையின் சிறுநீரில் மீன் வகை மட்டுமே வந்தது. அம்மாவுடையதில் மீனுக்குப் பக்கத்தில் விஷ வகையின் கோடு சிகரமாக எழும்பித் திரையை முட்டிக்கொண்டு நின்றது. தான் போட்ட கணக்கு சரியாக வந்ததற்காக இசைவாணி அழுதாள்.

மறுநாள் அந்த முடிவை அச்சிட்ட தாளை நல்லசிவத்தின் மேசையில் வைத்தாள். “அம்மாவ அந்த ரூம்ல இருந்து எடுத்துருங்க அண்ணாச்சி. இல்லைன்னா இது கலெக்டர் ஆபீசுக்குப் போகும்.”

அவர் தாளை மடித்து மேசை டிராயரில் போட்டார். “தாயா பிள்ளையாப் பழகியிருக்கோம். செய்யமாட்டனா?” என்றார்.

சாயங்காலம் சின்னத்தாய் முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தாள். “முதலாளி தங்கமான மனுசன் இசை. என்னையப் பேக்கிங்குக்கு மாத்திட்டாக. சீசன் நேரம், மருந்து ரூமுக்கு ஆள் வேணும்ல? வெளியாளத் தேடாம நம்ம பானுவையே வரச் சொல்லிட்டாக.”

பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த தங்கை பானுப்பிரியா, நாளைக்கு எந்தச் சுடிதார் போடலாம் என்று அக்காவிடம் கேட்டாள்.