தவிர்க்க முடியாத காரணம்

மேற்பார்வைப் பொறியாளரின் அறை ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். இரு கரையிலிருந்தும் நீண்டு வந்து நடுவில் நாற்பது அடி பாக்கி வைத்து நின்றுபோன பாலம் தெரியும். அதற்கும் அப்பால், அக்கரை ஆஸ்பத்திரியின் நர்ஸ் குடியிருப்பு மாடியில் ஒரு மஞ்சள் துண்டு காய்ந்துகொண்டிருக்கும். அது அவர் மனைவியுடையது. காலையில் அதைப் பார்த்தால்தான் அவருக்கு டீ இறங்கும்.

"ஒரே வருஷம்தான். பாலம் முடிஞ்சதும் நீ நடந்தே வீட்டுக்கு வந்துடலாம்" என்று சொல்லி, அக்கரைக்கு மாற்றல் வாங்க வைத்ததே அவர்தான். மூன்று வருடம் ஓடிவிட்டது. சுற்றி வரும் பஸ்ஸுக்கு நாலு மணி நேரம். சனிக்கிழமை வந்தால் ஞாயிறு மதியமே பையைத் தூக்கிவிடுவாள். அவள் போனபின் கட்டிலில் ஒரு தலையணை மட்டும் கசங்காமல் கிடக்கும்.

அலுவலகத்தில் அவருக்குச் 'சரி சார்' என்று பெயர். எதை நீட்டினாலும் சரி என்று கையெழுத்துப் போடும் நல்ல மனிதர். அன்றும் ஒப்பந்தக்காரர் சிரித்த முகமாக ஒரு தாளை நீட்டினார். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' இன்னும் எட்டு மாத அவகாசம் வேண்டுமாம். செலவும் ஒன்றரை மடங்காம். இதே வார்த்தையோடு வரும் நாலாவது தாள் அது.

பேனாவைத் திறக்கும்போது மனைவியின் போன் வந்தது.

"இந்த வாரமும் நான் வரலைங்க."

"ஏம்மா?"

"தவிர்க்க முடியாத காரணம்."

"அப்படீன்னா? என்னன்னு சொல்லு!"

"நீங்க மட்டும் கேட்டீங்களா? மூணு தடவை அந்த வார்த்தையைப் பார்த்ததும் பேசாம கையெழுத்துப் போட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கும் அதே சலுகை கொடுங்க." குரலில் இருந்த குறும்பு மெல்ல இறங்கியது. "குடியிருப்பை நிரந்தரமாவே எடுத்துக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எனக்குக் காரணம் வேண்டாங்க. ஒரு தேதி சொல்லுங்க."

போனை வைத்தவர், வெகுநேரம் மஞ்சள் துண்டையே பார்த்தார். பிறகு திரும்பி, "என்ன காரணம்?" என்றார்.

மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி. ஒப்பந்தக்காரருக்கு வியர்த்தது.

"மழை சார்..."

"எத்தனை நாள்?"

"இருபது நாள் இருக்கும்."

"மீதி?"

"ஆளுங்களைப் பாதியில வேற வேலைக்கு அனுப்பிட்டேன். அப்புறம்... நடுப்பகுதி வரைபடத்துக்கு ஒப்புதல் வரலை சார். ஆறு மாசமாச்சு."

"யார் மேஜையில இருக்கு?"

ஒப்பந்தக்காரர் பொறியாளருடைய மேஜையின் இடது மூலையைப் பார்த்தார். கோப்புகளுக்கு அடியில், டீ டம்ளர் வைத்த வட்டக் கறையோடு வரைபடம் கிடந்தது.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்து, அங்கேயே ஒப்புதல் போட்டார். பிறகு தாளில் அந்த மூன்று வார்த்தைகளையும் அடித்தார். 'வரைபடத் தாமதம்: நான். ஆட்களை இடம் மாற்றியது: ஒப்பந்தக்காரர். மழைச் செலவு போக மீதிக்கு நாங்கள் இருவருமே பொறுப்பு' என்று எழுதினார்.

"சார், உங்களையே மாட்டிவிட்டுக்கிறீங்களே! மேல கேப்பாங்க."

"கேக்கட்டும். அப்பவே கேட்டிருந்தா பாலம் எப்பவோ முடிஞ்சிருக்கும். தாமதத்துக்கு ஒரு ஆள் பேர் இல்லாத வரைக்கும் எந்த வேலையும் முடியாதுய்யா. சரி, ஆளுங்க எப்ப திரும்புவாங்க?"

இருவரும் உட்கார்ந்து நாளை எண்ணினார்கள். பிறகு அவர் மனைவியை அழைத்தார்.

"இன்னையிலிருந்து நூத்திப் பத்தாவது நாள்."

"முடியலைன்னா?"

"என் பேரைச் சொல்லிக் கேளு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சரி, எழுதிக் கொடுக்கலை" என்றாள். "ஆனா நூத்திப் பதினோராவது நாள் அந்தப் பாதிப் பாலத்துல வந்து நின்னு, உங்க ஆபீசே கேக்குற மாதிரி கூப்பிடுவேன். பார்த்துக்கோங்க."